உச்சிக்குப் போகும் சாப்பாட்டுப் பை

என் மனைவி வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை கிடையாது. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவள் கோபுர கிரேன் ஓட்டுகிறாள். காலையில் ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் மதியம்தான் இறங்குவாள். நான் அதே கிரேனுக்குத் தரையில் நின்று வழி சொல்கிறவன். கட்டடத்துக்குப் பின்னால், அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் சுமை இறங்கும்போது என் குரல்தான் அவளுக்குக் கண். ரேடியோவில் அவளுக்கு 'உச்சி' என்று பெயர், எனக்குத் 'தரை'. கட்டட வேலையில் இருக்கிற அத்தனை பேருக்கும் நாங்கள் அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நாங்களே திரும்பிப் பார்ப்போமா என்பது சந்தேகம்.

இந்த வேலைக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. நான் சொல்வதை அவள் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். சுமை நகர்ந்து முடியும் வரை நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்; என் குரல் நின்றால் அவள் கையும் அந்த நொடியே நின்றுவிட வேண்டும். வீட்டில் என் பேச்சுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு மரியாதை கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அப்படிப்பட்டவள் காலை வேளையிலேயே திரும்பத் திரும்ப இறங்க ஆரம்பித்தாள். தண்ணீர் தாகம், உடனே சிறுநீர், மறுபடியும் தாகம். ஒவ்வொரு முறையும் கொக்கி சும்மா தொங்கும், கீழே ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மேஸ்திரி என்னைப் பார்ப்பார். நான் வானத்தைப் பார்ப்பேன்.

டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய், இரண்டாம் வகை, எப்போதிருந்து என்று தெரியாது, இப்போது நன்றாகவே ஏறியிருக்கிறது என்றார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் டாக்டர்" என்றாள் என் மனைவி.

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். ஏணி ஏறி ஏறி உரமேறிய கால் அது. வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சத்தம் போட்டேன். "எதுக்கு மறைச்ச?"

"வருஷ பரிசோதனை அடுத்த மாசம் வருது. கிரேன் ஓட்டுறவள்னு இவங்க ஒரு வார்த்தை எழுதி, அது அங்க போய்ச் சேர்ந்தா என் சான்றிதழ் அவ்வளவுதான். அதுக்குள்ள சர்க்கரையை இறக்கிடறேன். அப்புறம் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை."

அவள் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழுக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கிரேன் கேபினில் ஒரு பெண்ணா என்று சிரித்தவர்களுக்கு நடுவில் வாங்கியது. அது போய்விட்டால் அவள் எப்படி இருப்பாள் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா சொன்ன சாப்பாட்டு முறை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தட்டில் பாதி காய்கறி. மீதியில் பாதிக்குச் சோறோ ரொட்டியோ, இன்னொரு பாதிக்கு முட்டை, மீன், பயறு என்று ஏதாவது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நடுவில் கொஞ்சம் கொறிக்க வேண்டும். ஒரு மாத்திரை கொடுத்து, "சாப்பாட்டோடதான் போடணும். சாப்பிடாம போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். தலையாட்டினோம்.

"நேரத்துக்குச் சாப்பிடணும், நடுவுல கொறிக்கணும், தண்ணி குடிக்கணும். அத்தனைக்கும் நான் எத்தனை தடவை இறங்கி ஏறறது?" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குச் சொன்ன முறை இது."

"உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னுதானே நீயும் சொன்ன?"

அவள் மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அதன்பிறகு ஆலோசனைகள் வந்து குவிந்தன. உலகத்தில் எல்லோரும் டாக்டராகத்தான் பிறக்கிறார்கள், பாவம், வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலை பார்க்கிறார்கள். முதலில் வந்தது அவளுடைய அக்கா. அக்காவுக்குச் சர்க்கரையும் கிடையாது, ரத்தக் கொதிப்பும் கிடையாது, போனில் நீளநீளமாகப் பேசி அனுப்புகிற வியாதி மட்டும் உண்டு. "சோத்தைக் கண்ணால பார்க்காதே. ரொட்டியைத் தொடாதே. பழத்தை வாசம் கூடப் பிடிக்காதே" என்று ஒவ்வொரு காலையும் ஒரு பிரசங்கம் வரும். அடுப்படியில் வைத்து அதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு வடிப்பேன். குற்றவாளியாக உணர்வேன்.

அடுத்தவர் மேஸ்திரி. அடிக்கடி இறங்குவதற்குக் காரணம் கேட்டதால் அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தோம். அவர் பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடுவதில்லை, சாயங்காலம் ஒரே வேளை. தொப்பை கரைந்துவிட்டது என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவார். வேண்டாம் என்றாலும் காட்டுவார்.

"உச்சி, பட்டினி மாதிரி மருந்து கிடையாது. நான் சொல்றதைக் கேளு. சர்க்கரை தானா ஓடிடும்" என்றார்.

"அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லையே. அதான் சொல்றேன், பாரு" என்றார்.

மூன்று முறைகளையும் வைத்துக்கொண்டு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தாள். துணி மடிக்கும்போதும் யோசனை, பாத்திரம் கழுவும்போதும் யோசனை. கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது அவளுடைய ஏணிக்கு ஏற்றது. பகலில் சாப்பாடு இல்லை, தண்ணீரும் தொண்டை நனைக்கிற அளவுதான். சாப்பிடாவிட்டால் இறங்க வேண்டாம். சாயங்காலம் அக்காவின் முறைப்படி சோறு இல்லாமல் ஒரு வேளை. காலையில் மட்டும் டாக்டரம்மாவின் மாத்திரை.

"மாத்திரையைச் சாப்பாட்டோட போடச் சொன்னாங்களே" என்றேன்.

"அது சர்க்கரையை இறக்கத்தானே குடுத்தாங்க? பட்டினியும் இறக்கும், இதுவும் இறக்கட்டும். ரெண்டு கை சேர்ந்தா வேலை சீக்கிரம் முடியும்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"கேட்டா என்ன வேலைன்னு மறுபடியும் கேப்பாங்க."

மறுநாள் கேபினிலிருந்து கயிறு இறங்கியது. மேலே ஒரு கயிறும் துணிப்பையும் எப்போதும் இருக்கும். கையுறை, பேட்டரி, மறந்துபோன மூக்குக்கண்ணாடி என்று எதையாவது ஏற்றி இறக்குவோம். பையில் அவளுடைய மிட்டாய் டப்பா இருந்தது. "தரை, இது இனிமே கீழேயே இருக்கட்டும்" என்றாள் ரேடியோவில். மேஸ்திரி கை தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மிட்டாய்களை நான்தான் தின்று தீர்த்தேன்.

அவளுடைய சர்க்கரை நிஜமாகவே இறங்கியது. காலையில் விரலைக் குத்திக் கருவியில் வைப்பாள், நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பேன். எண் நேற்றைவிடக் குறைந்திருக்கும். மகள் பரீட்சையில் பாஸானதைப் போல இருவரும் சிரித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்பில் என் வாய் அடைபட்டுப் போனது. ஷூக் கயிறு கட்டும்போது அவள் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். தூக்கம் போதவில்லை என்றாள். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. புழுக்கம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். எனக்கும் அவற்றை நம்பத்தான் ஆசை.

ஆனால் பகல் முழுக்க என் காதுக்கு நிம்மதி இல்லை. அவள் 'ஏத்தறேன்' என்று சொல்லும் வேகத்தை, 'திருப்பறேன்' என்று சொல்லும் தொனியை நான் அளந்துகொண்டே இருந்தேன். கொஞ்சம் தாமதமானாலும் ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொள்வேன். மேலே அண்ணாந்து பார்த்தால் வெயிலில் கண்ணாடி பளபளக்கும், ஆள் தெரியாது.

அப்படி ஒரு நாள், வேலை கம்பிக்கட்டு. முன்பக்கம் லாரியிலிருந்து தூக்கி, கட்டடத்துக்கு மேலாகக் கொண்டுவந்து, பின்பக்கக் களத்தில் இறக்க வேண்டும். கம்பி வளைக்கிற ஆட்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். கட்டு சுவருக்கு மேல் எழும்பி வந்தது. நான் ஆரம்பித்தேன்.

"உச்சி, இறக்கு."

"இறக்கறேன்."

"இறக்கு... இறக்கு... இறக்கு... மெதுவா."

கட்டு மெதுவாகவில்லை.

"உச்சி, மெதுவா."

அவள் திருப்பிச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு முறைகூடத் திருப்பிச் சொல்லாமல் இருந்ததில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ரேடியோ கரகரத்தது. "ஏங்க, அடுப்பை அணைச்சீங்களா?" என்றாள்.

என் குரல் அப்படியே நின்றுவிட்டது. நான் யோசித்து நிறுத்தவில்லை. கம்பிக்கட்டும் நின்றது, ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, லேசாக ஆடிக்கொண்டு. அவளுக்கு நினைவு எங்கே இருந்ததோ தெரியாது. ஆனால் என் குரல் நின்றதும் அவள் கை நின்றிருக்கிறது.

"எல்லாரும் வெளிய போங்க" என்று ஆட்களை விரட்டினேன். பிறகு ரேடியோவை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். "உச்சி, லிவர்லேர்ந்து கையை எடு."

ஒன்றுமில்லை.

"உச்சி, கையை எடு."

"கையை... எடுக்கறேன்."

கையை எடுத்துவிட்டால் போதும், கிரேன் அசையாது. நான் கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். எனக்கு முட்டி வலி உண்டு, உடம்பும் கனம். அன்று அதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. எதிரே மேஸ்திரி வந்தார்.

"அண்ணே, இனிப்பா எதாவது. ஜூஸ், சோடா, சர்க்கரைத் தண்ணி, எதுவானாலும். சீக்கிரம்."

"சர்க்கரையா? அவளுக்கா?"

"ஓடுங்க அண்ணே."

பட்டினியை மருந்தென்று சொன்ன மனுஷன் டீக்கடைப் பக்கம் ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

கிரேனின் காலடியில் நின்று மேலே பார்த்தேன். ஏணியில் ஏறலாம். ஆனால் எனக்கு மொட்டை மாடிக் கைப்பிடியைப் பிடித்தாலே தலை சுற்றும், வேறு யாராவது ஏறினாலும் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் அவள் கேபின் கதவைத் திறந்துகொண்டு எழுந்து நின்றுவிட்டால் என்ன செய்வது?  பக்கத்துக் கட்டடத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அப்போது கீழே நின்றிருந்தார்; அவரை ஏறச் சொல்லிவிட்டு நான் பேச ஆரம்பித்தேன். இப்போது என் குரல் நிற்கக் கூடாது. நின்றால் அவளும் நின்றுவிடுவாள்.

"உச்சி, உட்கார்ந்தே இரு."

"உட்கார்ந்திருக்கேன்."

"பையை எடு. கயித்தோட பை, உன் காலுக்குப் பக்கத்துல."

"அக்கா வந்திருக்காளா?"

"அக்கா அப்புறம் வரட்டும். உச்சி, பையை எடு."

"பையை எடுக்கறேன்."

"ஜன்னல் வழியா விடு. இறக்கு. இறக்கு... இறக்கு... இறக்கு..."

துணிப்பை வெளியே வந்தது. கம்பத்தில் உரசி, காற்றில் சுழன்று, நடுவில் ஒரு முறை அப்படியே நின்றது. நான் மூச்சு விடாமல் இறக்கு இறக்கு என்றேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை, ஆனால் கயிறு மறுபடியும் இறங்கியது. மேஸ்திரி ஒரு பெரிய பாட்டில் ஆரஞ்சு ஜூஸோடு வந்து, மூடியைப் பாதி திருகிவைத்துப் பையில் போட்டார்.

"உச்சி, ஏத்து. ஏத்து... ஏத்து... ஏத்து..."

பை போய்க்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ டன் இரும்பை அவளோடு சேர்ந்து ஏற்றியிருக்கிறேன். ஒரு ஜூஸ் பாட்டில் இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

"வந்துச்சு" என்றாள்.

"மூடியைத் திற."

"திறக்கறேன்."

"குடி."

பதில் இல்லை.

"உச்சி, குடி."

"குடிக்கறேன்."

"குடி... குடி... குடி... இன்னும்... இன்னும்..."

எவ்வளவு நேரம் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கிரேன்காரர் ஏணியில் பாதி ஏறியிருந்தார். என் தொண்டை வறண்டு குரல் உடைந்துபோனபோது ரேடியோவில் அவள் பேசினாள். அது அவளுடைய சொந்தக் குரல்.

"தரை, பின்னாடி கம்பிக்கட்டு ஏன் பாதியில தொங்குது? யார் இப்படி விட்டது?"

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். ரேடியோ பொத்தானை அழுத்தியபடியே அழுதிருக்கிறேன். மொத்த வேலையிடத்துக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். கேட்கட்டும்.

பக்கத்துக் கிரேன்காரர் மேலே போய் அவளுக்கு ரொட்டி கொடுத்து, கட்டைப் பத்திரமாக இறக்கிவைத்து, அவள் தெளிந்த பிறகு இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றைக் கட்டிப் பின்னாலேயே இறங்கி வந்தார். தரையைத் தொட்டதும் அவள் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மேஸ்திரி அவளை நேராகப் பார்க்கவில்லை.

"நான் ஆபீசுக்குச் சொல்லித்தான் ஆகணும், உச்சி" என்றார். "அதுக்கு முன்னாடி நீ டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிடு. பட்டினி கதையெல்லாம் நான் பேசியிருக்கக் கூடாது."

டாக்டரம்மாவிடம் போகும் வழியில் அவள் வண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். "சொன்னா கிரேன் போயிடும்" என்றாள்.

"போகட்டும்."

"உங்களுக்கு ஈசியா வருது."

"ஈசியா இல்ல. நீ அடுப்பைப் பத்திக் கேட்டப்ப எனக்கு உயிரே போயிடுச்சு. இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது."

டாக்டரம்மா விரலைக் குத்திப் பார்த்தார். எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நேற்றுச் சாயங்காலம் என்றாள். மாத்திரை? காலையில். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னு சொன்னீங்களே. நடுவுல ரெண்டு வாய் சாப்பிட என்ன கஷ்டம்?"

அவள் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் காலை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு அவளைப் பற்றி ஒன்று தெரியும், அன்றுதான் அது முழுசாகத் தெரிந்தது. தானாக வராததுகூட, நான் சொன்னால் அவளுக்கு வந்துவிடும்.

"உச்சி, சொல்லு" என்றேன்.

டாக்டரம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்றேன்" என்றாள் அவள். ஏணி, கேபின், கழிப்பறை, மிட்டாய் டப்பா, சான்றிதழ், அக்கா, மேஸ்திரியின் தொப்பை வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இது தெரிஞ்சிருந்தா இந்த மாத்திரையைக் குடுத்திருக்கவே மாட்டேன். மாத்திடலாம். சர்க்கரை நிலையா நிக்கிற வரைக்கும் நீங்க மேல ஏறக் கூடாது. சான்றிதழ் பத்தி நான் இப்ப எதுவும் சொல்ல முடியாது. நிலையா நின்னா நானே எழுதித் தரேன்" என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. அந்தக் கேபின்ல உட்கார்ந்துக்கிட்டு உங்களால என்ன சாப்பிட முடியும்? அதுலேர்ந்து ஆரம்பிப்போம்."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சிந்தக் கூடாது. ஒரு கையால எடுத்துச் சாப்பிடற மாதிரி இருக்கணும்" என்றாள்.

வேகவைத்த முட்டை, நீளமாக நறுக்கிய வெள்ளரிக்காய், அவித்த பயறு வைத்துச் சுருட்டிய ஒரு ரொட்டி, ஒரு பிடி கடலை. மதியம் இறங்கி வந்து தட்டில் காய்கறியோடு கொஞ்சம் சோறு. தண்ணீர் வேண்டிய அளவு. தேவைப்பட்டால் இறங்குவாள், கொக்கி காத்திருக்கும். மிட்டாய் டப்பா மறுபடியும் கேபினுக்குப் போகும், எப்போது திறப்பது என்று அவளுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னபோது, "சோறா? மறுபடியும் சோறா?" என்று கேட்டாள். நான் போனை வாங்கி அணைத்துவிட்டேன்.

அந்த வருஷப் பரிசோதனைக்கு அவள் போகவில்லை. மாதக்கணக்கில் தரையில் என் பக்கத்தில் நின்று தன் கிரேனை வேறொருவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பல்லைக் கடித்தாள். வீட்டில் என்னோடு பேசாத நாட்களும் உண்டு. விரலைக் குத்திப் பார்க்கும்போது இப்போது எங்கள் இருவருக்கும் எண் குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம்.

சான்றிதழ் கடைசியில் வந்தது. அவள் மறுபடியும் ஏறிய முதல் நாள் காலை, வேலை பாதியில் இருக்கும்போது கொக்கியை நிறுத்தச் சொன்னேன். கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மேஸ்திரி அவரைப் பார்த்து முறைத்தார்.

"உச்சி, சாப்பிடு."

பதில் வரவில்லை.

மேலே கண்ணாடி வெயிலில் பளபளத்தது, ஆள் தெரியவில்லை.  மேஸ்திரி ஏற்கெனவே டீக்கடைப் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்திருந்தார்.

"உச்சி?"

ரேடியோ கரகரத்தது. "வாயில முட்டையை வெச்சுக்கிட்டு எப்படித் திருப்பிச் சொல்றதாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேடியோவை வாயருகே பிடித்தபடி நின்றேன். லாரிக்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார். "சாப்பிட்டு முடிச்சுட்டேன், தரை" என்று அவள் சொல்லும்வரை நான் அடுத்த வார்த்தையைச் சொல்லவில்லை.